அரசு அலுவலகத்துக்குத் தேசியக் கொடி தைத்துக் கொடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அரசு வாங்கும் தேசியக் கொடி உள்நாட்டில் தயாரானதாகத்தானே இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கொடி தைக்கிறவர்களே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002-ல் அப்படி ஒரு வரி கிடையாது. துணி எது, அளவு என்ன, சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. 2021 டிசம்பர் 30-ல் வந்த திருத்தம் கைநூற்பு, கைநெசவோடு இயந்திரத்தில் செய்த கொடியையும், பாலியஸ்டரையும் அனுமதித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தையல்காரர்களின் பிழைப்பில் பெரிய ஓட்டை விழுந்தது.

உள்நாட்டுத் தயாரிப்புக்கு இருக்கும் பாதுகாப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது: 2017 ஜூன் 15-ல் வெளியாகி, 2020 செப்டம்பர் 16-ல் திருத்தப்பட்ட 'மேக் இன் இந்தியா' கொள்முதல் முன்னுரிமை உத்தரவு. பொருளின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டில் உண்டானால் நீங்கள் முதல் வகுப்பு உள்ளூர் விற்பனையாளர். 20-லிருந்து 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 20-க்குக் கீழே போனால் உள்ளூர் விற்பனையாளரே அல்ல. 200 கோடி ரூபாய்க்கு உட்பட்ட உள்நாட்டு டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. முன்னுரிமை முதல் வகுப்புக்கு மட்டும்தான். உத்தரவைப் பற்றி இவ்வளவு போதும். ஆட்களைக் கவிழ்ப்பது இதற்குள் ஒளிந்திருக்கும் விதிவிலக்குகள்.

முதலாவது, 5 லட்சம். மதிப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் இந்த உத்தரவு அந்தக் கொள்முதலைத் தொடாது. ஓர் அலுவலகம் வாங்கும் கொடி எத்தனை லட்சத்துக்கு இருக்கும்? பெரும்பாலான கொடி ஆர்டர்கள் இந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். உத்தரவிலிருந்து தப்பிப்பதற்காகக் கொள்முதலைத் துண்டு போடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படித் துண்டு போடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டால் சத்தம் போட்டுப் பயனில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டி, அந்த அலுவலகம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கொடிக்காகக் கொடுத்த எல்லா கொள்முதல் ஆணைகளின் நகலையும், பொருளில் எத்தனை சதவீதம் உள்நாட்டு மதிப்பு என்று விற்றவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் நகலையும் கேளுங்கள். 'ஏன் வாங்கினீர்கள்' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகல் மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது, யாருடைய பணம். இது மத்திய அரசின் உத்தரவு. மத்திய அமைச்சகங்கள், அவற்றின் கீழ் வரும் அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், மத்திய நிதி கலந்த திட்டங்கள் இதற்குள் வரும். ஊராட்சியோ மாநகராட்சியோ தன் சொந்தப் பணத்தில் வாங்கினால் அது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ன்படி நடக்கும். அங்கே போய் மத்திய உத்தரவைக் காட்டி வாதாடி நாளை வீணாக்காதீர்கள். எந்த நிதியிலிருந்து வாங்குகிறார்கள் என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் நேர்மையானவர்களைச் சிக்கவைக்கிறது. துணியை ஈரோட்டுக் கடையில் ரசீதோடு வாங்கினேன், அதனால் அது உள்நாட்டுத் துணி என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிய இடம் கணக்கில் வராது. நெய்த இடம்தான் வரும். இறக்குமதியான சரக்கை உள்ளூர் வியாபாரியிடம் வாங்கினாலும் அது இறக்குமதிதான் என்று விளக்கம் கொடுத்துவிட்டார்கள். லாரி வாடகையையும் இன்சூரன்ஸையும் உள்ளூர் மதிப்பில் சேர்க்க முடியாது. ஒரு கொடியின் விலை வரி நீங்கலாக 100 ரூபாய் என்று வையுங்கள். அதில் இறக்குமதித் துணி 45 ரூபாய் என்றால் நீங்கள் முதல் வகுப்பு. 60 ரூபாய் என்றால் 40 சதவீதம்தான் மிச்சம். இரண்டாம் வகுப்புக்கு இறங்கிவிட்டீர்கள், முன்னுரிமை போயிற்று. தெரியாமல் முதல் வகுப்பு என்று கையெழுத்துப் போட்டாலும் அது பொய் உறுதிமொழிதான், இரண்டு ஆண்டு வரை தடை வரலாம். துணிக் கடையில் பில் வாங்கும்போதே எந்த ஆலைச் சரக்கு என்பதை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையின் துணி அரசு ஆர்டருக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் உற்பத்தி நாடு எது என்று ஒரு கட்டம், உள்ளூர் மதிப்பு எத்தனை சதவீதம் என்று இன்னொரு கட்டம். ஒன்றை நிரப்பினால் மற்றது நிரம்பிவிடாது. கணினி மையத்துப் பையன் தன் இஷ்டத்துக்கு நிரப்ப விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு. சிறு, குறு நிறுவனங்களுக்கு டெண்டர் படிவம் இலவசம், ஈ.எம்.டி. என்ற டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை, மத்திய அரசுத் துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை இவர்களிடம் வாங்க வேண்டும். எல்லாம் உற்பத்தியாளருக்கு, வியாபாரிக்கு அல்ல. தையல் இயந்திரம் வைத்துக் கொடி தைக்கும் பெண்களின் உத்யம் சான்றிதழில் 'சில்லறை வியாபாரம்' என்று இருப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். பதிவு செய்து கொடுத்தவர் அவசரத்தில் தட்டிய ஒரு குறியீடு அது. 46, 47 என்று தொடங்கும் குறியீடு வியாபாரத்துக்கானது. ஆடையல்லாத தைத்த துணிப் பொருள் உற்பத்திக்கு 1392. உங்கள் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தவறாக இருந்தால் அரசின் உத்யம் தளத்திலேயே மாற்றலாம். பதிவுக்கும் திருத்தத்துக்கும் அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. பணம் கேட்கும் இணையதளம் அரசுத் தளம் அல்ல.

கதர்க் கொடி ஆர்டருக்குத் தனியார் தையல்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். மத்திய அரசுத் துறைகள் கதரைக் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று பொது நிதி விதிகள் 2017 சொல்கின்றன. சாதாரணப் பருத்திக் கொடியில் 'கதர்' என்று லேபிள் ஒட்டினால் தனிச் சிக்கல் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, கொடி எதற்கு? வீடு வீடாகக் கொடுப்பதற்கா, அலுவலகக் கம்பத்தில் ஏற்றுவதற்கா? அதிகாரபூர்வமாக ஏற்றும் கொடி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விவரக்குறிப்புப்படி இருந்து, அதன் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும் என்று கொடி விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி சொல்கிறது. ஹூப்ளி பெங்கேரியில் இருக்கும் கர்நாடகக் கதர் சங்கத்தின் கொடிப் பிரிவு அந்த முத்திரைக்கான உரிமம் பெற்றது. உங்களிடம் முத்திரை இல்லை என்றால் கம்பத்துக் கொடி ஆர்டரை எடுக்காதீர்கள். "சும்மா தைச்சுக் குடுங்கம்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லும் அதிகாரி பில் வரும்போது பார்த்துக்கொள்ள மாட்டார்.

மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு மகளிர் குழுவுக்கு நடந்தது இது. ஓர் அலுவலகம் விநியோகத்துக்காகக் கொடி கேட்டது. ராத்திரி பகலாகத் தைத்து, விழாவுக்கு மூன்று நாள் முன்னால் கொண்டுபோய் இறக்கினார்கள். கொடிகள் விநியோகமாயின, விழா முடிந்தது. செப்டம்பர் கடைசியில் பில்லைக் கேட்கப் போன அக்காவிடம், சக்கரம் பின்பக்கம் மங்கலாகத் தெரிகிறது, பணம் தர முடியாது என்றார்கள். சக்கரம் இருபுறமும் முழுதாகத் தெரிய வேண்டும் என்ற விதி உண்மைதான். 24 ஆரமும் இருக்க வேண்டும், நீளம் அகலம் 3:2 ஆக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டம் 2006 அப்படித்தான் சொல்கிறது. அந்த அக்காவிடம் அதை யாரும் சொல்லவில்லை. சரக்கு இறக்கியதற்கு அவரிடம் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அதனால் டெலிவரி சலானை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். எண்ணிக்கை, அளவு, தேதி, வாங்கியவர் பெயர், பதவி, கையெழுத்து, அலுவலக முத்திரை எல்லாம் உங்கள் பிரதியில் இருக்க வேண்டும். முத்திரை வைக்க ஆள் இல்லை என்றால் ஆள் வரும்வரை சரக்கை இறக்காதீர்கள். மாதிரிக் கொடி ஒன்றை முன்கூட்டியே கொடுத்து, அதன் பட்டியில் அதிகாரியின் கையெழுத்தை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது முன்பக்கச் சக்கரமும் பின்பக்கச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று நீங்களே சோதித்துவிடுங்கள்.

பில்லிலும் ஒரு தொல்லை உண்டு. தேசியக் கொடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பாலியஸ்டர் கொடிக்கும் இல்லை என்று 2022 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கணக்குப் பிரிவு வரி போட்ட பில் கேட்டுத் திருப்பி அனுப்பினால், பயந்துபோய் வரியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வரிவிலக்குள்ள பொருள் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

பணத்துக்குக் கெடு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் சேரும். 'ஃபண்ட் வரலை' என்பது சட்டத்தில் இருக்கும் காரணம் அல்ல. தாமதமான பாக்கிக்கு மனு வாங்கும் எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத் தளத்தில் கொள்முதல் ஆணை, சலான், பில் மூன்றையும் ஏற்றி மனுப் போடுங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற இடங்களில் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றங்களில் உங்கள் பகுதிக்கு உரியதற்கு அது போகும். ஒன்று மட்டும்: ஆர்டர் எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். பிறகு பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்கு மனுப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான்.