7.5% ஒதுக்கீடு: மார்க் இருந்தும் சீட் எங்கே நழுவுகிறது?

தமிழ்நாட்டில் பொறியியல் சேர 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் 2 மார்க்தான். கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கு 82, இயற்பியல் 70, வேதியியல் 76 என்றால் 82 + 35 + 38, கட்ஆஃப் 155. ‘600-க்கு எவ்வளவு?’ என்று ஊரே கேட்கும். கவுன்சிலிங்கில் அதற்கு வேலையில்லை.

மொத்த இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டும் போட்டி போடும் பங்குதான் 7.5%. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது (அங்கே நீட் மார்க்), 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கு. கலை அறிவியல் கல்லூரிக்குக் கிடையாது. இதில் சீட் வாங்கினால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும்.

கழுத்தை அறுப்பது ‘6 முதல் 12 வரை அரசுப் பள்ளி’ என்ற வரி. ஏழாவது மட்டும் மெட்ரிக்கில் படித்திருந்தாலும் போச்சு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கல்லூரி மாணவிகளுக்கு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய்க்கு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவிகளும் தகுதி என்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஓசூர், தளி பக்கம் இன்னொன்று: அப்பா அம்மா பெங்களூரில் வேலை பார்த்தபோது பிள்ளை கர்நாடக அரசுப் பள்ளியில் ஆறாவது படித்திருந்தால் அந்த வருஷம் கணக்கில் வராது. சித்தேரி மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர்களுக்கு முழுத் தகுதி உண்டு. ஆர்டிஇ-யில் (கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச இடத்தில்) தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. ‘வராதும்மா’ என்று கவுன்டரில் வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து சான்றிதழ் அலைச்சல். ஊரில் நடுநிலைப் பள்ளி, பக்கத்து ஊரில் உயர்நிலை, டவுனில் மேல்நிலை என்று மூன்று இடத்தில் படித்தவர்தான் இங்கே அதிகம். படிப்புச் சான்றில் எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று ஏழு வருஷமும் விடுபடாமல் இருக்க வேண்டும். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) பதிவில் பெயரோ பள்ளியோ தப்பாக இருந்தால் அந்தப் பள்ளியில்தான் திருத்த முடியும். மே மாதம் போனால் தலைமையாசிரியர் லீவு. பிப்ரவரியிலேயே பார்த்துவிடுங்கள். சாதிச் சான்றும் அப்படியே: மத்திய அரசு வேலைக்கு வாங்கிய ஓபிசி சான்று இங்கே செல்லாது.

ரிசல்ட்டுக்கு முன்பே வீட்டுக்கு வரும் புரோக்கரிடம் உஷார். ‘7.5-லேயே போட்டுத் தர்றோம், ஃபீஸே இல்லை’ என்று அட்வான்ஸும் அசல் மார்க்‌ஷீட்டும் வாங்கிக்கொண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடுவார்கள். கவுன்சிலிங் வழியாக வராத சீட்டுக்கு அரசு ஒரு பைசா கட்டாது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. உயர்கல்வியைக் கண்காணிக்கும் யுஜிசி, தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ இரண்டுமே தடை செய்திருக்கின்றன.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் கடைக்காரர் தன் செல் நம்பரைப் போட்டுவிடுவார். ஓடிபி அவருக்குப் போகும். சீட் ஒதுக்கிய தகவலும் அவருக்கே போகும், இரண்டு நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் சீட் போய்விடும். செட்டிக்கரை (தர்மபுரி), பர்கூர் (கிருஷ்ணகிரி) அரசு பொறியியல் கல்லூரிகளில் உதவி மையம் நடக்கும்போது அங்கே போய், உங்கள் வீட்டு நம்பரைச் சொல்லிப் பதியுங்கள். அந்த சிம்முக்கு ஆகஸ்ட் முடியும்வரை ரீசார்ஜ் இருக்கட்டும்.