அப்பாவின் பழைய துப்பாக்கிகள் அடுத்து யாரிடம் போகும்? இந்திய ஆயுதச் சட்டம் சொல்வது

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டதா? அல்லது அந்தத் துப்பாக்கி அவரிடம் வந்து 25 ஆண்டுகள் ஆகிவிட்டனவா? இரண்டில் எது முந்தி வந்தாலும், அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசின் பெயரைச் சொல்லி, அவருக்கு உரிமம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25ஆவது விதி இதற்கு இடம் தருகிறது. வாழ்நாள் முழுக்கப் பழைய துப்பாக்கிகளைச் சேர்த்தவர்களுக்கு இவ்வளவு உதவும் விதி வேறில்லை. ஆனாலும் பல வீடுகளில் பெரியவர் போன பிறகுதான் யாராவது பீரோவைத் திறக்கிறார்கள்.

இது சொத்துப் பத்திரம்போலத் தானாகக் கை மாறுவதில்லை. துப்பாக்கி வாரிசுடையதாகலாம், உரிமம் ஆகாது. வாரிசு தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போலீஸ் அறிக்கை பாதகமாக இருக்கக் கூடாது, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழும் வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரும், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் உரிமம் தருகிறார்கள். பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் மற்ற மூவரிடமும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்பா கூட உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கையெழுத்துகளை வாங்குவது எளிது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொன்னது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தத் திருத்தமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மகனுக்கு அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி வராது. மகளுக்கோ பேரனுக்கோ தனியாக உரிமம் கிடைத்தால் அங்கே போகலாம். சேகரிப்பு பிரிந்து போகும்தான். வேறு வழியில்லை.

சரி, பழம்பொருளுக்கும் இதெல்லாம் பொருந்துமா? பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். "நூறு வருஷம் ஆச்சு, இதுக்கெல்லாம் லைசென்ஸ் எதுக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, வழக்கொழிந்த மாதிரி ஆயுதங்களுக்கும் தொன்மை மதிப்பு உள்ளவற்றுக்கும் பழுதானவற்றுக்கும் விலக்கு தருவது உண்மைதான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழுது பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். "பழுது பார்த்தாலும்" என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். துருப்பிடித்து விசை இறுகிப்போன துப்பாக்கிக்கு ஒரு சுருள்வில் மாற்றினால் வெடிக்கும் என்றால், அதற்கு விலக்குக் கிடையாது. வயதை வைத்து இதில் முடிவு செய்ய முடியாது.

2020 பிப்ரவரியில் விதிகளில் இன்னொரு மாற்றம் வந்தது. அரும்பொருள் வகையில் சேரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை என்று உள்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கேட்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அதைப் பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் அந்தத் துப்பாக்கி பதிவாகாமல் அதற்குத் தோட்டாவும் வாங்க முடியாது. ஆக, சுவரில் மாட்டியிருக்கும்வரை தொந்தரவில்லை. காரில் ஏற்றி, வாங்க வருபவரின் ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் அப்போது உரிமம் கேட்பார்கள். சேகரிப்பை விற்க நினைக்கிற ஒருவர் கட்டாயம் செய்ய வேண்டியது அந்தப் பயணத்தைத்தானே! தன் துப்பாக்கி எந்த வகையில் சேரும் என்பதை உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் ஊகத்தை நம்ப வேண்டாம், தரகர் சொல்வதை அதைவிடவும் நம்ப வேண்டாம்.

அப்படிக் கேட்க, துப்பாக்கியின் அடையாளம் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் என்றால், குழலைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத் தட்டையான பரப்பில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள் பொடிப்பொடியாகக் குத்தப்பட்டிருக்கும். வரிசை எண்ணும் பக்கத்திலேயே எங்காவது கிடைக்கும். அதைத் தாளில் அப்படியே எழுதி, உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் பின்னால் வாரிசுதான் அலைவார்.

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி என்றால், எல்லாவற்றுக்கும் முன்பு உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தா காலத்தில் கெட்டித்தது அப்படியே கிடக்கலாம். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்துக்கொண்டு, அதே கம்பியை வெளியே குழலோடு ஒட்டிவைத்து அளந்தால் தெரிந்துவிடும். குழலின் அடிவரை போகாமல் சில அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கும் வேலை நம்முடையது அல்ல, உரிமம் பெற்ற கடைக்காரரைக் கூப்பிடுங்கள். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் இருக்கிறது, ஆகவே தெருமுனை லேத் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

உரிமமுள்ள துப்பாக்கியைத் தனியாருக்கு விற்பது சட்டப்படி சரி. வாங்குபவருக்கும் அதை வைத்திருக்கத் தகுதி இருக்க வேண்டும். அவர் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டான கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். .303 போன்ற ராணுவ ரக ரைபிள்கள் தடை செய்யப்பட்ட வகையில் வரும். அவற்றுக்கான உரிமம் தில்லியில் உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் காத்திருந்து பயனில்லை.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் நல்ல விலை தருகிறேன் என்றால் ஆசைப்பட வேண்டாம். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரக்கூடும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது. அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது இன்னொரு வழி. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. ஆனால் வரலாறு தெரிந்த பொருளுக்குத்தான் அங்கே மதிப்பு. யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது என்று பெரியவர் தன் கைப்பட எழுதிய ஒரு பக்கம் இருந்தால் பேச்சு எளிதாகும்.

எதுவுமே செய்யாமல் பெரியவர் காலமாகிவிட்டால்? அந்த நாளிலிருந்து வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. உரிமமின்றி வைத்திருந்ததற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். வீணான தாமதமின்றி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ தோட்டாக்களோடு ஒப்படைத்தால் 21ஆவது பிரிவு குடும்பத்துக்குத் துணை நிற்கும். ஒப்படைத்தாலும் சொத்து போய்விடாது. குறித்த காலத்துக்குள் உரிமம் பெற்று மீட்கலாம், அல்லது தகுதியுள்ளவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெறலாம். அந்தக் காலம் கடந்தால் அரசுக்குப் போய்விடும்.

உரிமதாரர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு, துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ மகன் அதை எடுத்துப் போகலாம். அவர் இறந்த பிறகு அந்தக் கடிதம் செல்லாது. அதனால் பையில் போட்டுக் கிளம்பாமல் முதலில் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். ஒப்படைத்ததும் ரசீது தருவார்கள். "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். குழலின் எண், செய்த நிறுவனத்தின் பெயர், தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்கட்டும்.