பனிமனிதனுக்கு எத்தனை சாம்பல் நிறம் வேண்டும்?

1993-இல் சூப்பர் நின்டெண்டோ என்ற கன்சோலுக்கு, அதாவது தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் இயந்திரத்துக்கு, கிளேஃபைட்டர் என்ற சண்டை விளையாட்டு வந்தது. ஒரு சர்க்கஸ் கூடாரத்தின் மேல் விண்ணிலிருந்து களிமண் உருண்டை ஒன்று விழுகிறது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் களிமண் உருவங்களாகி ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். கோபக்காரப் பனிமனிதன், பச்சைக் கூழாக ஓர் உருவம், சர்க்கஸ் கோமாளி என்று ஆட்களும் விசித்திரமானவர்கள். அடுத்த ஆண்டே போட்டி நிறுவனமான சேகாவின் மெகா டிரைவுக்கும் இது வந்துவிட்டது. ஒரே களிமண் பொம்மைகளை இரண்டு இயந்திரங்கள் எப்படிக் காட்டின என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பொம்மை மாறவில்லை, அதைக் காட்டும் சில்லுதான் மாறியது.

இந்த உருவங்கள் கையால் வரையப்பட்டவை அல்ல. உண்மையான பொம்மையை நிறுத்திப் படம் எடுப்பார்கள், கையைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி எடுப்பார்கள். அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றி, பின்னணியை வெட்டி நீக்கி, சில பத்து பிக்சல் அகலத்துக்குச் சுருக்குவார்கள். அதற்கு அப்புறம்தான் கடினமான வேலை: படத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான நிறங்களைப் பதினைந்தாகக் குறைக்க வேண்டும்.

ஏன் பதினைந்து? இரண்டு இயந்திரங்களிலும் திரையில் நகரும் உருவம், அதாவது ஸ்ப்ரைட், 16 இடங்கள் கொண்ட ஒரு வண்ணத்தட்டிலிருந்துதான் நிறம் எடுக்கும். அதில் ஓர் இடம் ‘இங்கே ஒன்றுமில்லை, பின்னணி தெரியட்டும்’ என்பதற்குப் போய்விடும். மீதி 15. மனிதரைப் படம் எடுத்துப் போட்டால் தோல், முடி, சட்டை, காலணி எல்லாம் இந்தப் பதினைந்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். களிமண் பொம்மைக்கு அந்தத் தொல்லை குறைவு. பச்சைக் கூழ் முழுவதும் பச்சைதான். வெளிச்சம் படும் இடத்தில் வெளிர்ப் பச்சை, மடிப்பில் கரும்பச்சை. பதினைந்தையும் ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கத்துக்கே செலவிடலாம். பழைய கன்சோலுக்குக் களிமண்ணைப் போலப் பொருத்தமான பொருள் வேறில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் படிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதில்தான் இரண்டு இயந்திரங்களும் பிரிகின்றன. மெகா டிரைவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 3 பிட், அதாவது 8 படிகள்; மொத்தம் 512 நிறங்கள். சூப்பர் நின்டெண்டோவில் 5 பிட், 32 படிகள், மொத்தம் 32,768.

இப்போது அந்தப் பனிமனிதனை எடுத்துக்கொள்வோம். அவன் உடம்பு முழுக்க வெள்ளை. உருண்டையாகத் தெரிய வேண்டுமானால் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெதுவாக இறங்க வேண்டும். கலப்பில்லாத சாம்பல் என்றால் மூன்று வண்ணங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மெகா டிரைவில் அப்படி 8 அளவுகள்தான் உண்டு, கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து. பனிக்குத் தேவை வெளிச்சமான பாதி மட்டும் என்று வைத்தால் கிடைப்பது 4. நின்டெண்டோவில் அதே பாதியில் 16 படிகள்; தட்டின் பதினைந்து இடங்களும் நிறைந்துவிடும். மெகா டிரைவில் தட்டில் இடம் இருக்கும், போட்டுக்கொள்ள நிறம் இருக்காது! அதற்கு ஒரு வழி, இடையிடையே கொஞ்சம் நீலம் கலந்த சாம்பலைச் சேர்ப்பது. பனிக்கு நீலச் சாயல் பொருந்தவும் செய்யும். இன்னொரு வழி, இரண்டு நிறங்களைச் சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைப்பது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் மங்கலில் இரண்டும் கலந்து மூன்றாவது நிறமாகத் தெரியும்.

தட்டுகளின் எண்ணிக்கையும் சேகாவுக்கு நெருக்கடிதான். நின்டெண்டோவில் ஸ்ப்ரைட்டுகளுக்கு மட்டும் 8 தட்டுகள், பின்னணிக்குத் தனியாக 8. மெகா டிரைவில் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 4.

அடுத்தது இடப் பிரச்சினை. 64-க்கு 96 பிக்சல் அளவில் ஒரு போஸ் என்றால், பிக்சலுக்கு அரை பைட் வீதம் 3 கிலோபைட் ஆகும். எட்டு ஆட்கள், ஆளுக்கு நூறு போஸ் என்று கணக்குப் போட்டாலே 2 மெகாபைட்டைத் தாண்டிவிடும். விளையாட்டைச் சேமித்து விற்ற கார்ட்ரிட்ஜ் பெட்டிகளில், அப்போதைய பெரியவை பலவற்றின் மொத்தக் கொள்ளளவே அதுதான். கையால் வரைந்த உருவத்தில் கை மட்டும் அசைந்தால் உடம்பின் துண்டுகளை அப்படியே மறுபடி பயன்படுத்தலாம். களிமண்ணில் அது நடக்காது. பொம்மையைத் தொட்டாலே மேற்பரப்பு மாறும், கட்டைவிரல் பதியும், நிழல் நகரும். ஆகவே ஒவ்வொரு போஸும் ஏறக்குறைய முழுப் படம்.

காட்சிக்கான நினைவகம் இரண்டிலும் 64 கிலோபைட். போஸ்களை முன்கூட்டியே அதில் அடுக்கி வைக்க முடியாது. விநாடிக்கு 60 முறை திரை வரையப்படுகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியில், நின்டெண்டோ ஏறக்குறைய 6 கிலோபைட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். மெகா டிரைவ் 7-க்குச் சற்று மேல். நம் கணக்குப்படி இரண்டு ஆட்களின் புதிய போஸ்களுக்கு அது சரியாகப் போதும். இங்கேயும் களிமண் கைகொடுக்கிறது. பொம்மைப் படங்களில் விநாடிக்கு 12 போஸ்தான் வழக்கம்; அதாவது ஒவ்வொன்றும் திரையில் ஐந்து முறை அப்படியே நிற்கலாம். அந்தத் தடதடப்பைப் பார்ப்பவர் குறையாக நினைப்பதில்லை, களிமண் அப்படித்தான் அசையும் என்று ஏற்றுக்கொள்கிறார்.

அடுத்த தலைமுறையில் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை. 1997-இல் நின்டெண்டோ 64-க்கு கிளேஃபைட்டர் 63⅓ வந்தது, 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு ஸ்கல்மங்கீஸ் என்ற இன்னொரு களிமண் விளையாட்டு. நின்டெண்டோ 64-இல் ஒரு நேரத்தில் வரையப்படும் படத்துண்டுக்கு 4 கிலோபைட் இடம்தான். பெரிய உருவத்தைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு 650 மெகாபைட் குறுந்தகடு இருந்ததால் களிமண் குறும்படங்களையே நடுநடுவே ஓடவிட முடிந்தது. அதோடு, நின்டெண்டோ 64-இன் சில்லு பிக்சல்களின் ஓரங்களைக் கலந்து வழுவழுப்பாக்கும். சுவருக்கும் தரைக்கும் அது அழகு. களிமண்ணில் முதலில் அழிந்துபோவது அந்தக் கட்டைவிரல் பதிவுதான். பிளேஸ்டேஷனில் அப்படிக் கலக்கும் வசதியே கிடையாது. பதிவு சொரசொரப்பாக, ஆனால் அப்படியே நிற்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.