கெட்டிமேளத்தில் விழுந்த கறுப்புக் கோடுகள்

நான் தனியாக எடுத்த முதல் கல்யாணம் கும்பகோணத்தில். விடியற்காலை முகூர்த்தம், மண்டபம் முழுக்க எல்இடி விளக்கு. ஐயர் 'கெட்டிமேளம்' என்று கை காட்டியதும் தாலி, அட்சதை, அம்மாவின் கண்ணீர் என்று தட்டித் தள்ளினேன். பறக்கிற அரிசி அப்படியே அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், விநாடியில் 1/1000. சத்தம் கேட்கக் கூடாதென்று சைலண்ட் மோடு வேறு. பக்கத்திலேயே தவில்காரர் வெளுத்து வாங்கும்போது கேமரா சத்தம் யார் காதில் விழப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்துக்குப் படம் குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள். ஒன்று சரியாக மணப்பெண்ணின் நெற்றியில். கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் போடுவதற்குள் ஹோமத் தீயின் வெளிச்சத்தில் எடுத்த நாலு படங்கள் இருந்தன. ஒரே இருட்டு, ஆனால் ஒரு கோடு இல்லை. அப்புறம்தான் புரிந்தது, வம்பு கேமராவில் இல்லை, விளக்கில்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் தொடுவதால் விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெகண்ட். பழைய குண்டு பல்பின் இழை சூடாகவே இருக்கும் என்பதால் அதில் பெரிதாகத் தெரியாது. மலிவான எல்இடி விளக்கு துடிப்புக்குத் துடிப்பு ஏறக்குறைய அணைந்தே எரிகிறது. கண்ணுக்கு அது பிடிபடாது.

கேமராவுக்குப் பிடிபடும். சைலண்ட் மோடில், வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் படத்தை மொத்தமாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிசை வரிசையாக எடுக்கிறது. 1/1000 என்றால் ஒவ்வொரு வரிசையும் 1 மில்லிசெகண்ட்தான் திறந்திருக்கும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே 30 மில்லிசெகண்ட் ஓடிவிடுகிற கேமரா என்னுடையது. அதற்குள் விளக்கு மூன்று முறை மங்கிவிடும். மூன்று பட்டைகளுக்குக் கணக்கு சரியாகிவிட்டதா?

மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறை வைத்து விடுவார்கள். வாய்க்காலில் சில நாள் வரும், சில நாள் வராது. வருகிற நாள், வராத நாள் சேர்ந்த ஒரு முழுச் சுற்றுக்கும் மடையைத் திறந்தே வைத்திருக்கிற வயலுக்கு, எந்தக் கிழமை திறந்தாலும் பங்கு ஒன்றுதான். ஒரே ஒரு நாள் திறக்கிற வயல் நிறையலாம், காயவும் செய்யலாம். வெளிச்சமும் அப்படித்தான். ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைக்கும். 1/50 என்றால் இரண்டு. கோடு காணாமல் போய்விடும்.

அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அவர்கள் வீடியோவில் சொல்லும் 1/60, 1/120 கணக்கை இங்கே அப்படியே வைத்தால் லேசான பட்டை நிற்கும்.

சைலண்ட் மோடு இல்லாமல், சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சுமார் 4 மில்லிசெகண்டில் படத்தைக் கடந்துவிடும். அதில் மூன்று பட்டை விழாது. ஒரு பக்கம் மங்கும், அல்லது ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது கறுத்தும் வரும். எரிச்சல் என்னவோ அதே எரிச்சல்தான்.

1/100-இல் அரிசி உறையாதே என்பீர்கள். உறையாது, கோடு கோடாக இழுக்கும். எனக்கு அது பிடிக்கும். மூன்றாவது முடிச்சுப் போடும் கை அவ்வளவு வேகமாக ஆடுவதில்லை, அதனால் பயமில்லை. அரிசி நின்றே ஆக வேண்டுமென்றால் ஃப்ளாஷைக் கூரை பார்த்துத் திருப்பி அடியுங்கள். அது எரிவதே கண நேரம், அரிசியை அதுவே நிறுத்திவிடும். நேராக அடித்தால் ஹோமப் புகை அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, மாப்பிள்ளையும் பெண்ணும் மார்கழிப் பனிக்குள் உட்கார்ந்த மாதிரி வரும்.

மேடைக்குப் பின்னால் எல்இடி ஸ்கிரீன் வைத்திருந்தால் இந்த 1/100 எடுபடாது. அது கரண்டின் தாளத்துக்கு ஆடாமல் வேறு வேகத்தில் அணைந்து எரிகிறது. அந்த மாதிரி மண்டபத்துக்கு ரிசப்ஷனுக்கு முன்பே போய், பூ கட்டுகிற பையன் யாரையாவது மணமக்கள் சோபாவில் உட்காரவைத்து, ஷட்டரைப் படிப்படியாக மாற்றித் தட்டிப் பார்க்கிறேன். கால்மேல் கால் போட்டு மாப்பிள்ளைத் தோரணையில் அந்தப் பையன்கள் உட்கார்ந்திருக்கும் படங்களே ஒரு ஆல்பத்துக்குத் தேறும்.