உணவு இறையாண்மை: சொல் விளக்கம்

ஒரு மக்கள் தம் நிலத்தில் எதை விதைப்பது, எந்த விதையை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைப்பது, எதை உண்பது என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் உரிமையே உணவு இறையாண்மை.

இது 'சோபெரானியா அலிமென்டாரியா' என்ற ஸ்பானியத் தொடரின் தமிழாக்கம். அதன் முதற்சொல், 'மேலே' என்று பொருள்படும் 'சூப்பர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது. தனக்கு மேல் வேறோர் அதிகாரம் இல்லாத நிலையைக் குறிப்பது. மெக்சிகோ அரசு 1983இல் வகுத்த தேசிய உணவுத் திட்டத்திலேயே இத்தொடர் இடம்பெற்றது. எனினும் அங்கு அது நாட்டின் உரிமையாகவே இருந்தது. அதை உழவரின் உரிமையாக மாற்றியது லா வியா கம்பெசினா என்னும் பன்னாட்டு உழவர் இயக்கம். 1996இல் மெக்சிகோவின் த்லாஸ்கலாவில் கூடிய அவ்வியக்கம், அதே ஆண்டு ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டின்போது இக்கருத்தை உலகின் முன் வைத்தது.

மெக்சிகோவின் தென்பகுதியிலும் குவாத்தமாலாவிலும் வாழும் பழங்குடியினரான மாயா மக்களின் வயலில் வைத்துப் பார்க்கும்போதுதான் இச்சொல்லின் பொருள் முழுமையாக விளங்கும் என்பது என் கருத்து. மக்காச்சோளமும் கொடி பீன்ஸும் பூசணியும் சேர்ந்து வளரும் அவர்களது வயல் 'மில்பா' எனப்படுகிறது. இப்பெயர் மாயா மொழிகளுக்கு உரியதன்று; மெக்சிகோவின் மற்றொரு பழங்குடி மொழியான 'நாவாட்டில்' மொழியில் 'வயலில்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் பேசப்படும் மாயா மொழியில் அவ்வயலைக் 'கோல்' என்பர். சோளத்தண்டைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் ஏறுகிறது. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன. பூசணியின் அகன்ற இலைகள் மண்ணை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்குகின்றன. விதையைப் பெரும்பாலும் முந்தைய விளைச்சலிலிருந்தே எடுத்துவைப்பர், அல்லது அண்டைவீட்டாரிடம் மாற்றிக்கொள்வர்.

குவாத்தமாலா நாடாளுமன்றம் 2014இல் இயற்றிய புதிய பயிர்வகைப் பாதுகாப்புச் சட்டம் கைவைத்தது இந்த விதையில்தான். அமெரிக்காவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தத்தை ஒட்டிப் பிறந்த அச்சட்டம், பயிர்வகைகளின் மீது தனியுரிமை வழங்கி, அதை மீறுவோருக்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. சோலோலா பகுதியின் மாயா மக்கள் சாலைகளை மறித்தனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே நாடாளுமன்றம் அதைத் திரும்பப் பெற்றது. அம்மக்கள் அன்று கேட்டது கூடுதல் தானியத்தை அன்று; தம் விதையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை.

ஆதலால் தமிழில் சிலர் எழுதும் 'உணவுத் தன்னிறைவு' இதற்கு ஈடாகாது. வேண்டியதை எல்லாம் உள்நாட்டிலேயே விளைவித்துக்கொள்வது தன்னிறைவு. விதையும் உரமும் நிறுவனங்களின் பிடியில் இருந்தாலும் அதை எட்டிவிடலாம். 'உணவுப் பாதுகாப்பு' என்பதோ அனைவருக்கும் போதிய உணவு கிடைப்பதைச் சொல்கிறதே தவிர, அதை யார், எப்படி விளைவித்தார் என்று கேட்பதில்லை. 'இறை' என்பது அரசனைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். குறளின் 'இறைமாட்சி' அதிகாரம் அரசனின் சிறப்பையே பேசுகிறது. ஆளும் உரிமையைச் சுட்டும் 'இறையாண்மை'யே ஸ்பானியச் சொல்லின் ஆற்றலைத் தாங்கக்கூடியது. இலங்கைத் தமிழில் பெருவழக்காக உள்ள 'இறைமை'யைக் கொண்டு 'உணவு இறைமை' என்றாலும் பொருள் மாறாது, சொல்லும் சுருங்கும்.

இதனுடன் இணைத்தே பேசப்படும் 'வேளாண் சூழலியல்' வேறொரு சொல். பயிர், மண், பூச்சி, மனிதர் ஆகியோரிடையே உள்ள உறவுகளை அறிந்து வேளாண்மையை அமைக்கும் அறிவும் நடைமுறையும் அது. குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோவில் 1970களில் மாயா மக்களின் ஒரு பிரிவினரான கக்சிக்கெல் உழவர்கள், மண் அரிப்பைத் தடுக்கும் முறைகளைத் தம் வயலில் செய்துபார்த்து, பிற உழவருக்குத் தாமே கற்பித்தனர். பின்னாளில் மெக்சிகோ, நிகராகுவா, கியூபா வரை பரவிய 'உழவரிடமிருந்து உழவருக்கு' இயக்கத்தின் ஊற்று அதுவே. ஆகவே இரசாயனத்தைத் தவிர்ப்பதை மட்டும் சுட்டும் இடத்தில் 'இயற்கை வேளாண்மை' என்றும், இத்தகைய அறிவுப் பரிமாற்றத்தையும் உள்ளடக்கும் இடத்தில் 'வேளாண் சூழலியல்' என்றும் எழுதுவது பொருத்தம்.