வளைவுக்கு வெளியே விடப்படும் நிலம்

கார் பந்தயத் தடங்களின் பாதுகாப்பை ஆய்வு செய்யும் பொறியாளன் என்ற முறையில், புதிய தடம் அமைக்க விரும்புவோர் கொண்டுவரும் வரைபடங்களை அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் நேர்ப்பகுதியின் நீளமும் பார்வையாளர் மாடமும் துல்லியமாக இருக்கும். தடம் விட்டு விலகும் கார் எதிலும் மோதாமல் நிற்க, வளைவுகளுக்கு வெளியே எவ்வளவு நிலம் காலியாக விடப்படும் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. உலகத் தரத்தில் ஒரு தடம் இருந்தால் நம் நாட்டிலிருந்தும் வெற்றியாளர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் வருகிறார்கள். இத்துறையில் நெடுங்காலமாக ஆதிக்கம் செலுத்தும் பிரிட்டனின் அனுபவம் வேறுவிதமானது.

1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்த, கார் பந்தயத்தின் உச்சப் பிரிவான ஃபார்முலா 1இன் முதல் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கார்களே பிடித்தன. ஆனால் 1958இல் தயாரிப்பாளர்களுக்கான பட்டம் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதை வென்றது வான்வால் என்னும் பிரிட்டிஷ் அணி. இன்று மெக்லாரன், வில்லியம்ஸ், ரெட் புல் ஆகியவற்றோடு, ஜெர்மானியப் பெயர் தாங்கிய மெர்சிடிஸ் ஃபார்முலா 1 அணியின் தொழிற்கூடமும் இங்கிலாந்தில்தான் இருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானதாக நான் கருதுவது, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பயனற்றுப் போன விமானத் தளங்கள். சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்டன், த்ரக்ஸ்டன் எல்லாமே அப்படிப்பட்ட இடங்கள்தாம். பெருஞ்செலவின்றிப் பந்தயம் நடத்தவும், பட்டறையில் கட்டிய காரை ஓட்டிப் பார்க்கவும், மீண்டும் திருத்தவும் அங்கே வாய்ப்பிருந்தது.

அத்தளங்களில் மரமோ வீடோ கம்பமோ நெருக்கமாக இல்லாததும் திட்டமிடாமல் கிடைத்த நன்மை. வடிவமைப்பு மட்டும் தொடக்கத்தில் விபரீதமாகவே இருந்தது: 1948இல் சில்வர்ஸ்டோனில் கார்கள் ஓடுபாதைகளில் எதிரெதிரே விரைந்து வந்து திரும்பியதால், ஓட்டுநர்களின் கவனம் சிதறாதிருக்க நடுவே திரை கட்டினார்கள். மறு ஆண்டே பந்தயம் தளத்தைச் சுற்றிச் செல்லும் சாலைக்கு மாறியது. ஊர்ச் சாலைகளையே தடமாகக் கொண்டிருந்த பெல்ஜியத்தின் ஸ்பாவில், 1966இல் மழையில் தடம் விட்டு விலகிய பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் பெட்ரோல் கசியும் காருக்குள் சிக்கிக்கொண்டார். பாதுகாப்புக்காக அவர் நடத்திய நீண்ட போராட்டம் அதன் பிறகே வேகம் பெற்றது.

வேகம் இருமடங்கானால் காரை நிறுத்தத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், வளைவை அடையும் வேகத்தைக் கணக்கிட்ட பிறகே வெளிநிலத்தின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். காரின் வேகத்தைக் குறைக்கும் சரளைப் படுகையும் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் டயர் அரணும் உதவும்; ஆனால் அவை போதிய நிலத்துக்கு மாற்றாகிவிட மாட்டா. 1994இல் பிரேசில் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா உயிரிழந்த, இத்தாலியின் இமோலா தடத்தின் தம்புரெல்லோ வளைவில் சுவருக்குப் பின்னால் ஆறு ஓடியதால் சுவரைத் தள்ளி வைக்க இயலவில்லை. எனவே அடுத்த ஆண்டு வளைவையே மாற்றி வேகத்தைக் குறைத்தார்கள். நிலம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இதுவே.

சென்னைக்கு அருகில் சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் உள்ள ‘புத்’ என்னும் பெருந்தடத்திலோ 2011 முதல் 2013 வரை மூன்றே ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்தன. ஆகவே பெருந்தடம் ஒன்றைவிடச் சிறு தடங்கள் பலவற்றையே நான் விரும்புவேன். பிள்ளைகளைக் கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டிப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், வளைவின் வெளிப்புறத்தில் டயர்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்பட்டுள்ளனவா, அவற்றை ஒட்டிப் பார்வையாளர்கள் நிற்க அனுமதிக்கப்படுகிறார்களா என்பதைத் தடத்துக்கே நேரில் சென்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.