பயனர் பயணமா, வழிநடையா?

கொடைக்கானலில் பூண்டு விவசாயிகளுக்கோ, வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பவர்களுக்கோ ஒரு செயலி செய்யலாம் என்று பேச்சு எழுந்தால் போதும். முதல் கூட்டத்திலேயே பலகையில் "பயனர் பயண வரைபடம்" என்ற தலைப்பு ஏறிவிடுகிறது. யூசர் ஜர்னி மேப் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தது அது. பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள், கையேடுகளிலும் அதுதான் அச்சாகிறது. அந்தச் சொல் தவறு என்பதோடு, திட்டமிடுகிறவர்களின் வேலையையும் அது கெடுக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பொருள். ஒருவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை மனதில் எழுந்ததிலிருந்து காரியம் முடியும்வரை அவர் என்ன செய்கிறார், யாரைக் கேட்கிறார், எங்கே தயங்குகிறார், எங்கே சலித்துப்போய் விட்டுவிடுகிறார் என்று வரிசையாக எழுதிப் பார்ப்பதுதான் யூசர் ஜர்னி மேப்பிங். மேலே இடமிருந்து வலமாகக் கட்டங்கள் போகும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அவர் செய்வதும் நினைப்பதும் உணர்வதும் வரும். நிரல் எழுதத் தொடங்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

ஜர்னி என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலம் லத்தீனில் பகலைக் குறிக்கும் சொல். ஒரு பகலில் நடந்து கடக்கும் தூரம் என்பதுதான் பழைய பொருள். நம் பயணம், பிரயாணம் என்பதன் தேய்ந்த வடிவம், வடமொழி. சிலர் அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தள்ளச் சொல்வார்கள். என் சண்டை அதுவல்ல. பழனிக்கு நடந்து வருகிறவர் பாதயாத்திரை என்றுதான் சொல்கிறார், அதை மாற்றச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் பார்ப்பது தெளிவை.

"பயனர் பயணம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். றன்னகரமும் டண்ணகரமும் அடுத்தடுத்து வருகின்றன. கூட்டத்தில் பாதிப் பேர் காதில் "பயணர் பயணம்" என்றுதான் விழுகிறது, குறிப்பேட்டிலும் அப்படியே எழுதுகிறார்கள். சரி, இது சின்னக் குறை. பெரிய குறை இந்த மலையில் நன்றாகவே தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்து வரவேண்டியிருக்கிறது. அதுபோன்ற அனுமதி கொடுக்கும் ஒரு செயலிக்குத் திட்டமிடும் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பயண நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. குழுவின் தாளில் "பயணத்தின் மூன்றாம் கட்டம்" என்று எழுதியிருக்கிறது. அது விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கமா, வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டியை நிறுத்திப் பார்க்கிற இடமா? எழுதினவரைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். செயலியைப் பயன்படுத்துகிறவர் உண்மையிலேயே பயணம் செய்கிறவராக இருக்கும் ஊரில் இந்தச் சொல்லால் ஒரு தாளைக்கூட நம்பிப் படிக்க முடியவில்லை.

இன்னொரு குறை, எனக்கு இதுதான் முக்கியம். பயணம் என்றதும் நம் மனம் வண்டி ஏறுவதிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. அதனால் குழுவினர் வரையும் படமும் "செயலியைத் திறக்கிறார்" என்ற கட்டத்தில் தொடங்குகிறது, "வெளியேறுகிறார்" என்பதில் முடிந்துவிடுகிறது. இந்த முறையைப் பரப்பியவர்கள் இப்படிச் செய்யவில்லை. அமெரிக்காவில் ஆம்ட்ராக் என்ற ரயில் நிறுவனத்தின் அசெலா விரைவு ரயில் 2000 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே ஐடியோ வடிவமைப்பு நிறுவனம் பயணியின் அனுபவத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தது. பயணி இருக்கையில் போய் உட்காருவது எட்டாவது கட்டத்தில்தான். ரயிலைப் பற்றிக் கேள்விப்படுவது, திட்டமிடுவது, நிலையத்துக்கு வருவது, சீட்டு வாங்குவது, காத்திருப்பது எல்லாம் அதற்கு முன்னால். ரயிலுக்கே இப்படியென்றால் ஒரு செயலிக்கு எவ்வளவு முன்னாலிருந்து தொடங்க வேண்டும்!

பூம்பாறையில் ஒரு பூண்டு விவசாயியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே மலைப்பூண்டு. விலை சொல்லும் செயலி ஒன்று அவருக்காகத் தயாராகிறது. அவருக்கு விஷயம் தொடங்குவது பூண்டைப் பறித்துக் காயவைக்கும்போதே. விதைக்கு எவ்வளவு நிறுத்துவது, விற்க எவ்வளவு? பூண்டுச் சந்தை இருக்கும் வடுகபட்டிக்குப் போய்வந்தவரிடம் விலை கேட்கிறார். அவர் சொன்ன விலை நிற்குமா என்று யோசிக்கிறார். செல்போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போகிறார். வண்டி வாடகையைப் பங்குபோட ஆள் தேடுகிறார். மண்டியில் தரம் பிரித்து விலை சொல்லும்போது ஒருமுறை மனம் தளர்கிறது. பணம் கைக்கு வந்து, வண்டிக்காரருக்குக் கொடுத்து, வீடு திரும்பினால்தான் அவர் கணக்கில் காரியம் முடிந்தது. இவ்வளவுக்கு நடுவில் நம் செயலி வருவது ஓரிரு நிமிடம். அதை மட்டும் பயணம் என்று எழுதினால் அவருக்கு உதவுகிற ஒன்றைச் செய்யவே முடியாது.

மாற்றுச் சொற்களும் வந்திருக்கின்றன. தனித்தமிழ் அன்பர்கள் "செலவு" என்கிறார்கள். செல்லுதல் என்ற பொருளில் சங்கப் பாட்டில் வரும் அழகான சொல்தான். ஆனால் "பயனர் செலவு" என்று இன்று எழுதினால் எவ்வளவு ரூபாய் என்றுதான் கேட்பார்கள். "வழித்தடம்" என்பது வத்தலக்குண்டு பேருந்துக்கும் சீகூர் யானைகளுக்கும் பொருந்தும். அது ஏற்கெனவே வகுத்து வைத்த பாதை. யூசர் ஃப்ளோ என்று திரைக்குத் திரை போகும் வரிசையைச் சொல்கிறார்களே, அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

"பயனர் ஆற்றுப்படை" என்ற பரிந்துரையைத்தான் சட்டென்று தள்ள முடியவில்லை. ஆறு என்றால் வழி. சங்கப் பாட்டான மலைபடுகடாத்தில் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் தலைவன் எதிரே வருகிறவனுக்கு நன்னன் என்ற தலைவனிடம் போகும் வழியைச் சொல்கிறான். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள். புனம் காப்பவர் கவண்கல் எறிவார்கள், மரத்தில் மறைந்து போங்கள். எங்கே இடறும், எங்கே சோறு கிடைக்கும் எல்லாம் அதில் உண்டு. மலைக்காரர் எவருக்கும் அதைப் படித்தால் நெஞ்சு நிறையும். ஆனாலும் ஆற்றுப்படை இனிமேல் போகிறவருக்குச் சொல்லும் வழிகாட்டல். நமக்கு வேண்டியது போனவர் எப்படிப் போனார், எதனால் தவித்தார் என்ற பதிவு. புதிதாக வருகிறவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் ஆன்போர்டிங்குக்கு அந்தச் சொல்லைக் கொடுங்கள், கச்சிதமாக உட்காரும்.

நான் சொல்வது வழிநடை. வழிநடைச் சிந்து என்று ஒரு பாட்டு வகையே நம்மிடம் உண்டு, போகிற வழியில் கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவது. வழிநடை ஒருவர் தன் வீட்டு வாசலில் காலெடுத்து வைப்பதிலிருந்து தொடங்குகிறது. களைப்பும் நிழலும் விசாரிப்பும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. காரில் வருகிறவர் யாரும் தான் வந்ததை வழிநடை என்று சொல்லமாட்டார், அதனால் இ-பாஸ் படிவத்தில் பயண நாள் பயண நாளாகவே இருக்கலாம். யூசர் ஜர்னி என்பது பயனர் வழிநடை, அதன் மேப் வழிநடைப் படம், மேப்பிங் என்பது வழிநடை வரைதல். வரைபடம் என்று எழுத வேண்டாம், இந்த ஊரில் அது சுற்றுலா வரைபடமாகத்தான் படும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வருத்தம் உண்டு. பயனர் சிக்கித் தவிக்கும் இடமான பெயின் பாயின்ட்டை "வலிப்புள்ளி" என்று எழுதுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அதைப் படித்தால் வலிப்பு நோய் என்று நினைப்பார். "இடறுமிடம்" என்றால் எல்லோருக்கும் புரியுமே. வழியில் பயனர் ஓர் ஆளையோ கருவியையோ சந்திக்கும் இடமான டச் பாயின்ட்டுக்குத் "தொடுபுள்ளி" என்கிறார்கள், யார் எதைத் தொடுகிறார்கள்? விவசாயி அங்கே ஓர் ஆளையோ ஒரு கருவியையோ நாடுகிறார், அவ்வளவுதான். "நாடுமிடம்" என்று எழுதலாம். அப்புறம் யூசரைப் "பயனாளி" என்பது. அரசுத் திட்டத்தில் உதவி பெறுகிறவரைத்தான் ஊரில் பயனாளி என்கிறார்கள். மானியம் வாங்கும் செயலியில் பயனாளி ஒருவராகவும் அவருக்காகச் செல்போனை இயக்கும் மகள் பயனராகவும் இருப்பாள். இருவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மகளின் வழிநடை தாளில் வராமலே போய்விடும். மேற்பழனி மலை ஊர்களில் செயலியைத் திறப்பது பெரும்பாலும் அவள்தான்.